நூல் தெரிந்தால்தான்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரத்தான் செய்யும். அன்றைக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் தம்பி கார் பந்தய ஓட்டுநர். அவன் ஓட்டிய அணியில் நான் பொறியாளர். பந்தயம் நடக்கும்போது திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டு, எங்கே வேகம் எடுக்க வேண்டும், எப்போது வண்டியை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குச் சொல்வது என் வேலை. படித்து வாங்கிய வேலைதான். ஆனால் அம்மாவின் கணக்கு வேறு. "அவன் போயே தீருவேன்னா, நீயும் கூடப் போய் உக்காரு" என்று சொல்லித்தான் அவனை அனுப்பினாள். சம்பளம் கொடுத்தது அணியின் முதலாளி என்றாலும் எனக்கு உண்மையான முதலாளி அம்மாதான்.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பந்தயக் காரில் ஸ்டீயரிங் கழற்றி மாட்டும்படி இருக்கும். உள்ளே இடம் அவ்வளவு குறைவு, அதைக் கழற்றினால்தான் ஆள் ஏறி உட்கார முடியும். அவன் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு நான்தான் அதை மாட்டிவிடுவேன். கிளிக் என்று சத்தம் கேட்ட பிறகும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். "போதும்க்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்பான் அவன். பார்க்கட்டும்.

போன வருஷம் வரை பந்தயத்தின் நடுவே டயர் மாற்றலாம். பாதையோரத்தில் ஒவ்வொரு அணிக்கும் பிட் என்று ஒரு இடம் உண்டு. வண்டி அங்கே வந்து நிற்கும், நாலு பக்கமும் ஆட்கள் பாய்வார்கள், புது டயர் ஏறும், வண்டி கிளம்பிவிடும். எப்போது மாற்றுவது என்பதில்தான் எங்கள் சாமர்த்தியமெல்லாம் இருந்தது. இந்த வருஷம் பந்தயக் குழு விதியை மாற்றியது. பிட்டில் ஆட்கள் ஓடுவது ஆபத்தாம். பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாம். இனிமேல் ஒரு பந்தயத்துக்கு ஒரே செட் டயர்தான். டயர் கிழிந்திருந்தால், இல்லை ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தால் மட்டும் மாற்றலாம். அதையும் டயர் அதிகாரி கண்ணால் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டாமல் மாற்றினால் அந்தப் பந்தயத்திலிருந்தே நீக்கம். இது போதாதென்று, ஓட்டுநர் பிரேக் அடித்துத் தானே வரவழைத்துக்கொண்ட தேய்மானம் கணக்கில் வராது என்று ஒரு வரி வேறு.

அணிகளுக்கு விதியை அறிவித்த கூட்டத்தில் அந்த வரியைப் படித்தபோதே நான் எழுந்துவிட்டேன்.

"முன்னால போற வண்டி சுத்தி நின்னுடுச்சுன்னா, பிரேக் அடிக்கறதா, டயரைப் பத்தி யோசிக்கறதா?"

மேடையில் இருந்தவர் சிரித்தார். "நல்ல ஓட்டுநருக்கு அந்த நிலைமையே வராதுங்க."

அவர் ஏறிய வண்டிகளிலேயே வேகமானது அந்தக் கட்டடத்து லிப்டாகத்தான் இருக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். என் முதலாளி என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்காத குறை. நான் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு பந்தயம் பந்தயமாக இல்லை. எல்லோரும் டயரைக் காப்பாற்றிக்கொண்டு பூனை நடை நடந்தார்கள். முந்துவதற்குத் துணிந்தவன் கடைசியில் டயர் இல்லாமல் நின்றான். நானும் என் தம்பிக்கு அதையேதான் சொன்னேன். மெல்ல பிரேக் பிடி, மெல்லத் திருப்பு, பொறு. அவனுக்குப் பொறுமை சொல்லிக் கொடுப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இதில் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இந்தப் பந்தயத்தை முடிக்காவிட்டால் அடுத்த பந்தயத்தில் தம்பியின் இடத்தில் வேறு ஆளாம். அந்த வேறு ஆள் அன்றைக்கே புதுச் சட்டையோடு எங்கள் பிட்டின் மூலையில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

பாதி பந்தயம்கூட ஆகவில்லை. தம்பிக்கு முன்னால் போன வண்டி ஒரு திருப்பத்தில் சுற்றிக் குறுக்கே நின்றது. அதன் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கதவு நேராக என் தம்பியைப் பார்த்து இருந்தது. தம்பி யோசிக்கவில்லை. பிரேக்கை மிதித்த மிதியில் திரை முழுக்கப் புகை. அந்தக் கதவுக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. பிறகு பின்னால் எடுத்து, வளைத்துக்கொண்டு போனான். ஒரு மனிதனின் உயிர் பிழைத்தது. விதிப்படி அதற்குப் பெயர், தானே வரவழைத்துக்கொண்ட தேய்மானம்.

"அக்கா, வண்டி ஆடுது" என்றான் ரேடியோவில்.

"எவ்வளவு?"

"பல்லு தனியா ஆடுது."

சக்கரம் சுழலாமல் தேய்ந்துகொண்டு போனதால், வலது முன்டயரில் ஒரு இடம் மட்டும் தட்டையாகிவிட்டது. அந்தத் தட்டை ஒவ்வொரு சுற்றும் தரையில் அடிக்கிறது. வண்டிக்குள் இருந்த கேமராவில் அவனுடைய தலைக்கவசக் கண்ணாடி நடுங்கியதைப் பார்த்தேன். அந்த நடுக்கம் டயரோடு நிற்காது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிக்குப் போகும். நீளமான நேர்ப்பாதையின் முடிவில் அவன் பிரேக் பிடிக்கும்போது கம்பி முறிந்தால் சக்கரம் ஒரு பக்கம் போகும், அவன் ஒரு பக்கம் போவான்.

"உள்ள கூப்பிட்டு டயர் மாத்தணும்" என்றேன் முதலாளியிடம்.

"அதிகாரி ஒத்துக்கிட்டா மாத்து" என்றார் திரையைப் பார்த்தபடியே. "ஒத்துக்கலைன்னா நம்ம பந்தயம் போச்சு. உன் தம்பி இடமும் போச்சு. அதையும் ஞாபகத்துல வச்சுக்கோ."

டயர் அதிகாரிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் டார்ச். பட்டப்பகலிலும் கையில் டார்ச்சோடுதான் நடப்பார். கெட்டவர் இல்லை. பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பிட் வாசலில் நின்றிருந்தவரை இழுத்துவந்து திரையைக் காட்டினேன்.

"பிரேக் தேய்மானம் கணக்குல வராது. நூலும் தெரியலையே" என்றார்.

"நூல் தெரியற வரைக்கும் போனா டயர் வெடிச்சிடும் சார்."

"வெடிச்சா மாத்திக்கலாம். அதுக்கு விதியில இடம் இருக்கு."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"வெடிச்ச பிறகு மாத்தறதுக்கு ஆள் இருக்கணுமே சார்."

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. எழுதினது நான் இல்ல." டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எழுதியவரைக் கேட்டால் நிறைவேற்றுகிறவரைக் காட்டுவார், நிறைவேற்றுகிறவரைக் கேட்டால் எழுதியவரைக் காட்டுவார். நடுவில் என் தம்பி நடுங்கும் வண்டியோடு சுற்றிக்கொண்டிருந்தான். நான் ரேடியோவைப் பிடித்தேன்.

"கிழிஞ்சாத்தான் மாத்தலாமாம்டா. அதெல்லாம் வேணாம், நீ உள்ள வந்து நிறுத்திடு. இடம் போனா போகட்டும்."

திரையில் அவன் வண்டி இன்னொரு திருப்பத்தைத் தாண்டியது.

"கிழிஞ்சா போதுமா?" என்றான்.

"என்னடா சொல்ற?"

"கிழிஞ்சா போதுமான்னு கேட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கத்தினேன். அவன் ரேடியோவை அணைத்துவிட்டான்.

பிட்டுக்குள் திரும்பும் இடத்துக்கு முன்னால் ஒரு திருப்பம். அங்கே பாதையை ஒட்டி சிமெண்டுச் சுவர். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தான். சுவரில் மோதப் போகிறோம் என்று தெரிந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இது பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. சக்கரம் அடிபட்டால் ஸ்டீயரிங் வெட்டித் திரும்பும், பிடித்திருக்கும் கை அதோடு போகும். அவனுக்குத் தெரியாததா? ஆனால் அவன் மோதப் போகவில்லை, உரசப் போனான். கதவு படாமல், கம்பி படாமல், அந்த டயர் மட்டும் சுவரில் பட வேண்டும். அதற்குக் கையை எடுக்க முடியாது. கடைசி வரை பிடித்துக்கொண்டே இருந்தான்.

வண்டி பிட்டுக்குள் வந்து நின்றது. டார்ச் மண்டியிட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"இப்போ கிழிசல் நல்லாவே தெரியுது. மாத்திக்கலாம்."

தலையை ஆட்டினார். ஆட்கள் பாய்ந்தார்கள். நான் ஜன்னலுக்குள் தலையை விட்டேன். தம்பியின் வலது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. தலைக்கவசத்துக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. வலியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளியும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "ஒரு கையால ஓட்டிடுவியா?" என்றார்.

"ஓட்டிடுவேன்" என்றான் தம்பி.

நான் டார்ச்சைத் திரும்பிப் பார்த்தேன். "இந்தக் கையோட இவனை வெளிய விடலாமா சார்?"

"அது என் பொறுப்புல வராதுங்க. டயர் மட்டும்தான் என்னோடது."

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"ஓட்டுநரே கேட்டாத்தான் டாக்டர் வருவார். அப்படித்தான் விதி."

தம்பியைப் பார்த்தேன். அவன் மூலையில் நின்ற அந்தப் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க மாட்டான் என்று தெரிந்தது.

"டயர்ல நூல் தெரியணும்னு எழுதினீங்களே, கையில எலும்பு தெரியணும்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றேன். டார்ச் தரையைப் பார்த்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். டயர் ஏறிவிட்டது. வண்டியை இறக்கிவிட்டார்கள். எல்லோரும் விலகி நின்று வழி விட்டார்கள்.

நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஸ்டீயரிங்கின் பின்னால் இருந்த வளையத்தை இழுத்தேன். எப்போதும் மாட்டுகிற கை, கழற்றவும் தெரிந்த கைதான். ஸ்டீயரிங் கையோடு வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? குடு அதை" என்றார் முதலாளி.

"தர மாட்டேன்."

"அக்கா, குடுக்கா" என்றான் தம்பி. சின்ன வயதில் அவனுடைய பொம்மைக் காரைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் இதே குரலில்தான் கேட்பான். அப்போதெல்லாம் கொடுத்துவிடுவேன். இப்போது கொடுக்கவில்லை. எங்கள் பிட்டைக் கடந்து வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவன் இடது கையைத் தூக்கி, டாக்டர் என்று கேட்டான்.

அன்று மாலையே அவனுக்கு இடம் போயிற்று, எனக்கு வேலை போயிற்று. தொலைக்காட்சியில் வர்ணனையாளர், சுவரில் டயரை உரசியது எப்பேர்ப்பட்ட தந்திரம் என்று திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிச் சிலாகித்தார். அடுத்த பந்தயத்துக்கான பயிற்சியில் மற்ற அணிகள் அதே சுவரில் உரசிப் பழகியதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தம்பி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். என்னோடு அவன் இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை.

அப்போது என் போனுக்கு ஒரு அறிவிப்பு வந்தது. டார்ச்தான் அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தையும் சேர்க்காமல். பந்தயக் குழு ஒரு விதியைச் சேர்த்திருக்கிறது. பந்தயத்தின்போது ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் ஸ்டீயரிங்கைக் கழற்றக் கூடாது. பாதுகாப்பு கருதி இந்த மாற்றம்.

போனைத் தம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, அந்தப் பந்தயத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான். "உனக்குன்னே தனியா ஒரு விதி போட்டுட்டாங்கக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. அம்மா என்னவென்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

"அப்போ அந்த டயர் விதி?"

"அது அப்படியேதான்மா இருக்கு."

அம்மா அவன் தலையணையைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "ஸ்டீயரிங்கைத்தான எடுக்கக் கூடாது? அடுத்த தடவ வண்டிச் சாவிய எடுத்துட்டு வந்துடு."

பந்தயக் காருக்குச் சாவியே கிடையாது என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.