வாயில் வைத்த சந்தனம்

ராஜபாளையம் சங்கரலிங்கத்தின் நூல் மில்லில் ஆயுத பூஜை அரைகுறையாக நடக்காது. மெஷின், லாரி, எடைத்தராசு, கணக்குப்பிள்ளையின் டைப்ரைட்டர் என்று அசையக்கூடிய அத்தனைக்கும் சந்தனம் உண்டு. மெஷினுக்கு மட்டும், பஞ்சு உள்ளே போகும் வாயில்தான் முதல் பொட்டு. வேறு இடத்தில் வைப்பது அவரைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம்.

அவருடைய ஒரே மகன் காசிராஜன் மில் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வன்னியம்பட்டிக்கு வெளியே இருந்த சின்ன பிளையிங் கிளப்பில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாகியும் அப்பா அங்கே கால் வைக்கவில்லை. வீட்டில் யாராவது விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், மோர் ஊற்றச் சொல்லிவிடுவார்.

1991 ஆயுத பூஜை அன்று காசிராஜன் முதன்முதலாகத் தனியே பறக்க வேண்டும். தரையிறக்கம் சரியில்லை என்று, பயிற்சி கொடுத்த கேப்டன் முத்து முகம்மது இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார்.

"இதுலயும் சொதப்புனா ஒங்க மில்லுக்கே போயிரு. அங்க எதுவும் மேல போயிக் கீழ எறங்காது" என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து சங்கரலிங்கம் வந்து இறங்கினார், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் மகனுக்கும் இல்லை. கேப்டன் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். சங்கரலிங்கம் விமானத்தைச் சுற்றி வந்து வாயைத் தேடினார். இறக்கைக்கு அடியில் விரல் பருமனில் ஒரு குழாய் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் சந்தனத்தை அதில் நன்றாக அழுத்தி வைத்தார்.

அந்தக் குழாயில் காற்று புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் நகரும். ஆக, அவர் கண்டுபிடித்தது வாயைத்தான்.

காசிராஜன் மேலே ஏறிய பிறகு பார்த்தால் முள் பூஜ்யத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. வேகம் தெரியாமலே ஒரு சுற்றுச் சுற்றி, இன்ஜின் சத்தத்தை மட்டும் நம்பி இறங்கி வந்தான். தரை வந்துவிட்டது என்று நினைத்து ஆள் உயரத்திலேயே விமானத்தின் மூக்கைத் தூக்கினான். அது அங்கிருந்து தொப்பென்று விழுந்து, ஒரு தடவை எம்பி, டயர் வெடித்து, புழுதிக்குள் போய் நின்றது. அவனுக்கு உதட்டில் மட்டும் காயம்.

கேப்டன் ஓடி வந்தார். ஏச வாயெடுத்தவர் குழாயைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏறுறதுக்கு முந்தி சுத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"இதையுமா?"

"பார்த்தேன்."

பேசாமல் இருந்திருந்தால் சங்கரலிங்கத்துக்கு மகன் மில்லுக்குக் கிடைத்திருப்பான். அவருக்கு அது தெரியும்.

"நான்தான் பாய் வச்சேன். அவனை ஏசாதிய" என்றார்.

கேப்டன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பொறவு ஏம்ல தொடைக்கல?"

காசிராஜன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பா இன்னைக்குத்தான் சார் இங்க வந்தாவ. அவிய கையால வச்சதை அழிக்க மனசு வரல."

கேப்டன் வெடித்த டயரைக் காலால் தட்டினார்.

"பார்த்துட்டும் ஏறுனதுக்கு ஒரு மாசம் நீ இதைத் தொடக் கூடாது. முள்ளு இல்லாம உசுரோட எறக்குனதுக்கு, மாசம் கழிச்சு வா."

சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் செத்திருப்பான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செத்திருந்தால் தன் பொட்டுக்காகச் செத்திருப்பான் என்பதும் கூடவே உறைத்தது. மூக்கைச் சிந்திவிட்டு மகனிடம் வந்தார்.

"ஏலே காசி, அடுத்த வருசமும் வருவேன். வாயிலதான் வைப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்புனதும் அழிச்சிரு."