பைக்கு அடியில் ஒரு பக்கம்

என் உடம்பிலிருந்து வெளியே வரும் எதையும் நான் பார்ப்பதில்லை.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போன பிறகு வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் வால். அதன் வழியாக ஒரு நாளைக்கு நான்கு தடவை பை நிறைய மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் ஏற்ற வேண்டும். அது உள்ளே கிடந்து, சிறுநீரகம் கழிக்க வேண்டிய அழுக்கையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அடுத்த தடவை அதைக் காலிப் பைக்குள் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர். வடிகிற நேரம் முழுக்க நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காதை மூட முடியாது. சாக்கடைக்குள் மழைத் தண்ணீர் இறங்குவதுபோல ஒரு சத்தம் தரையிலிருந்து வரும். அது நான்.

வாய் எந்நேரமும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது மாதிரி இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மூச்சு எனக்கே நாறியது.

வடிந்த பையைப் பார்ப்பது மச்சானின் வேலை. மனைவியின் தம்பி, வேலை போனதிலிருந்து எங்களோடு இருக்கிறான். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள்: பையை அச்சடித்த தாள்மேல் வையுங்கள், பைக்கு ஊடாக எழுத்தைப் படிக்க முடிந்தால் தண்ணீர் தெளிவு, முடியாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது, உடனே ஓடி வாருங்கள். ரேடியோ செய்தித்தாள் பக்கம் ஒன்றை மேசைமேல் டேப் போட்டு ஒட்டினான். வீடு விற்பனை விளம்பரங்கள். தினமும் அதன்மேல் பையைக் கிடத்திச் செய்தி வாசிப்பான்.

“மாமா, கேட்டுக்கோங்க! மூணு படுக்கையறை, பின்னாடி தோட்டம், உடனே குடியேறலாம்! உங்க வயித்துத் தண்ணி வழியா பாத்தா வீடு இன்னும் பளபளன்னு தெரியுது. வாங்கிப் போட்டுரலாமா?”

“வாயை மூடிட்டுக் கொண்டுபோய் ஊத்துடா.”

அவன் சிரிப்பான். அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருத்தனால் சிரிக்க முடிகிறதே என்பது தண்ணீரைவிடக் குமட்டியது.

எனக்கு வேலை திரைச்சீலைக் கடையில். ஜன்னலை அளந்து துணி வெட்டிக் கொடுப்பேன். மத்தியானப் பையைக் கடையின் சரக்கறையில் மாற்றுவேன். துணிச் சுருள்களுக்கு நடுவே கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகமூடி போட்டுக்கொண்டு. முதலாளி சம்மதித்தது ஒரு நிபந்தனையோடு: வடிந்ததைக் கடைக் கழிப்பறையில் ஊற்றக் கூடாது. அதனால் பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். துணிப்பைக்குள் தளும்பும். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: “என்னங்க, பாலா?” ஆமாம் என்றேன். கெட்டுப்போகாமல் கொண்டுபோங்கள் என்றார்.

இந்தக் குழாய் இருக்கும்வரை வேலை இருக்கும். குழாய் போய்விட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். அதை முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “வாரத்துல பாதி நாள் வராம சம்பளம் வாங்க நான் என்ன சத்திரமா நடத்துறேன்?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மூன்று பேர் சாப்பிடுவது என் கத்திரிக்கோலை நம்பித்தான்.

அன்று சாயங்காலம் எனக்கு வயிறு வலித்தது. முந்தின நாளே தொடங்கிய வலி. வாயு என்று நினைத்திருந்தேன். சுவரைப் பார்த்தபடி வடித்து முடித்தேன். ரேடியோ பையைத் தூக்கி மேசையில் வைத்தான்.

“மூணு படுக்கையறை, பின்னாடி தோட்டம்…”

மனைவி ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். “என்னடா படிக்கிற?”

“விளம்பரந்தான்க்கா. தெளிவா இருக்கு. உடனே குடியேறலாம்னு…”

“அந்தப் பேப்பரைக் காலையிலயே கிழிச்சு எறிஞ்சுட்டேனே. தண்ணி பட்டு நாறுச்சு. வேற ஒட்டியிருக்கேன்.”

ரேடியோ நின்றுபோனான். பையை மெல்லத் தள்ளினான். அடியில் இருந்தது லாரி ஓட்டுநர் தேவை, காவலாளி தேவை.

எத்தனை நாளாக அவன் மனப்பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பொய் சொல்லவில்லை. எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாத எழுத்தைக் கண் தானே எழுதிக்கொண்டிருக்கிறது.

நான் முதல்முறையாகச் சுவரிலிருந்து திரும்பினேன். எண்ணெய்ப் பாத்திரம் ஊறிய சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. எச்சிலை இழுத்துவிட்டதுபோல வெள்ளை நூல்கள் அதில் மிதந்தன.

ஆஸ்பத்திரியில் பைக்குள் மருந்து கலக்க மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கை கழுவினார். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. தெளிஞ்சா குழாய் தப்பிச்சுது. தெளியலைன்னா அன்னைக்கே வந்துருங்க, எடுத்துரணும். விட்டா வயிறே அழுகிப்போயிடும்.”

நர்ஸ் என்னைக் கேட்டாள்: “இத்தனை நாளா நீங்க எதைப் பாத்துட்டிருந்தீங்க?”

“சுவரை.”

நக்கல் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலையில் மனைவி ஒரு வாரப் பத்திரிகையை எங்கோ வாங்கி வந்து, நாங்கள் யாரும் படிக்காத பக்கமாகப் பிரித்து வைத்தாள். அதன்மேல் பை. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“தெரியுது. ‘அவர் கதவைத் திறந்தபோது’ன்னு போட்டிருக்கு.”

வாசற்படியில் நின்ற ரேடியோ வந்து எட்டிப் பார்த்தான். பேப்பர் மாறிய அன்றிலிருந்து அவன் வாயே திறந்திருக்கவில்லை. “ஆமாக்கா. கதவைத் திறந்தபோது. மாமா, நேத்தைக்கு இது எவ்வளவோ தேவலை.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் குனிந்தேன். பையின் சூடு கன்னத்தில் அடித்தது. பெரிய எழுத்துகள் கறுப்பாக, விளிம்பு மங்கித் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே சின்ன எழுத்துகள், பாலில் விழுந்து செத்த எறும்புகள். அவர் கதவைத் திறந்தபோது. ஆம், அப்படித்தான் இருந்தது. அவள் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது. பையைப் பிடித்துப் பக்கத்தின் மறுகோடிக்கு இழுத்தேன், யாரும் வாய்விட்டுப் படிக்காத இடத்துக்கு. எறும்புகள்தான்.

“தெரியல.”

“நல்லாப் பாருங்க.”

“தெரியல.”

“கண்ணாடி போட்டுப் பாருங்க மாமா,” என்றான் ரேடியோ.

மனைவி ஈரத்துணியை மேசையில் அறைந்தாள். “உங்களுக்கு எதுதான் நல்லதாத் தெரிஞ்சிருக்கு? சாப்பாடு நாத்தம், படுக்கை நாத்தம், என் தம்பி சிரிச்சாக் குத்தம். இதுலயும் ஒரு நொட்டை சொல்லணுமா? தெரியுதுன்னு சொன்னா நாளைக்குக் கடைக்குப் போகலாம்ல? ரெண்டு பேர் பாத்தோமே, ரெண்டு பேரும் குருடா?”

அவள் சொன்னது அத்தனையும் சரி. அவர்களுக்கு அந்தத் தண்ணீர் தெளிய வேண்டும். தெளிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் குனிகிறார்கள். எனக்கு அதன்மேல் எந்த ஆசையும் இல்லை. அருவருப்பு மட்டும்தான் இருக்கிறது; எனவே அங்கே இருப்பது மட்டும் தெரிகிறது. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவேயில்லை.

“வண்டி பிடிச்சுட்டு வா,” என்றேன் ரேடியோவிடம்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் பத்திரிகையை மூடினாள்.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். எடுத்ததைக் காட்டச் சொன்னேன். நர்ஸ் தட்டை என் பக்கம் சாய்த்தாள். வழவழவென்று, சீழ் ஒட்டி, கொழுப்பு நிறத்தில் சுருண்டு கிடந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். “போதுமா?” என்றாள். போதும் என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலாளிக்கு நானே போன் செய்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வர முடியும் என்றேன். அவருக்குப் பின்னால் துணி கிழிபடும் சத்தம் கேட்டது.

“ஆள் வச்சுட்டீங்களா?”

“நீங்க வராம சரக்கு தேங்கிப்போச்சுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?”

புது ஆள் மறுபடி கிழித்தான். நூல் வாட்டத்தில் இழுத்தால் ஒரே மூச்சாகக் கிழியும். இது விட்டு விட்டுக் கேட்டது. கோணலாகப் போகிறது, அந்தத் துணி எந்த ஜன்னலுக்கும் ஆகாது. முதலாளி நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பிறகு அவர் போனை வைத்துவிட்டார்.