இருபத்து மூன்று கருக்கள்

ஆய்வகத்தில் அவளுக்குக் 'கணக்கம்மா' என்று பெயர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, மீன் கருக்கள் எப்படி உருவெடுக்கின்றன என்று ஆராயும் கூடத்துக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவள். எல்லோரும் கையுறையும் குழாயுமாகத் திரிய, இவள் மட்டும் ஒரு வெள்ளைப்பலகையையும் கணினியையும் கட்டிக்கொண்டு மாரடித்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

மீன் கருவின் முதுகில் முதல் நாளிலேயே வரிசையாகக் கண்டங்கள், அதாவது சின்னச் சின்னத் துண்டுகள், பிரியும். பின்னால் முதுகெலும்பாகவும் தசையாகவும் ஆகப்போவது அவைதான். தொடக்கத்திலேயே கருவைக் கொஞ்சம் வெட்டிச் சிறிதாக்கினால் கண்டங்களின் எண்ணிக்கை குறையுமா? குறைந்தே தீரும் என்றார் பேராசிரியர். ஒவ்வொரு கண்டத்தின் நீளமும் மாறாதது என்று பன்னிரண்டு வருடமாக மேடைக்கு மேடை சொல்லி வந்தவர் அவர். கணக்கம்மாவின் சமன்பாடுகள் வேறு மாதிரி சொல்லின.

"சின்னச் சட்டைன்னா பட்டன் குறையணும்னு இல்ல சார். அதே பட்டன்தான், நெருக்கி வச்சிருக்கும்," என்று வாராந்தரக் கூட்டத்தில் அவள் சொன்னபோது அவர் சிரித்தார்.

"உங்க சமன்பாடெல்லாம் மீனுக்குத் தெரியாதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துச் சோதனை நடந்தது. பேராசிரியரே நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து கருக்களை வெட்டினார். வெட்டியவற்றையும் வெட்டாதவற்றையும் தனித்தனித் தட்டுகளில் வாங்கி, வெப்பப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் மீன் அறையைக் கவனிக்கும் பெண். அவளை எல்லோரும் மீனக்கா என்பார்கள். மறுநாள் எடுத்த படங்களில் கண்டங்களை எண்ணுவது கணக்கம்மாவின் வேலை.

வெட்டிய கருக்கள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றும் கால்வாசி குட்டை. கண்டங்களோ முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று... முழுக் கருக்களில் இருந்த அதே எண்ணிக்கை. மூன்று முறை எண்ணினாள். பிறகு படிக்கட்டில் ஓடினாள்.

பேராசிரியர் படங்களை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"தட்டு மாறிப்போச்சு."

"எப்படி சார் மாறும்?"

"மீன் அறையில அந்தம்மா மாத்தி வச்சிருப்பாங்க. வெட்டாததப் போய்ப் படம் எடுத்திருக்கோம்."

"வெட்டாததுன்னா முழு நீளம் இருக்கணுமே சார். இது எல்லாமே குட்டையாத்தானே இருக்கு?"

"நீங்க கணக்க மட்டும் பாருங்க."

மறுநாள் அவர் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'பராமரிப்பு ஊழியரின் கவனக்குறைவால் மாதிரிகள் இடம் மாறியதால், இருபத்து மூன்று கருக்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன.' அன்று மாலையே மீனக்காவிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

கணக்கம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் சமன்பாட்டைக் குப்பையில் போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அது அறிவுச் சண்டை. அவர் தன் கொள்கை பிழைக்க வேண்டுமென்று ஒருத்தியின் ஒன்பது வருட உழைப்பின் மேல் சேற்றை வாரி இறைப்பதற்கு என்ன பெயர்?

மீன் அறையில் வழக்கம்போல நீர்க்குழாய்கள் இரைந்துகொண்டிருந்தன. மீனக்கா முழங்கைவரை நனைந்த கையோடு தொட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போனா போகட்டும்," என்றாள் திரும்பாமலே. "நாலு இடத்துல கேட்டா நாப்பது தொட்டி கழுவக் கிடைக்கும். ஆனா நான் மாத்தி வச்சேன்னு எழுதியிருக்காரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. மூடியில எழுதுவேன், தட்டோட அடியிலயும் எழுதுவேன். மூடி மாறிட்டாலும் தெரியணும்னு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் அதத் திருப்பிப் பாத்திருப்பாரா?"

"அந்தத் தட்டெல்லாம் இருக்காக்கா?"

"கழுவாமதான் வச்சிருக்கேன்."

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் மருந்துக் கடையில் வேலை செய்பவன். யாரோடும் மல்லுக்கு நிற்காதவன்.

"உன் ஒப்பந்தம் முடிய ஆறு வாரம்தான் இருக்கு. புதுப்பிக்கிற கையெழுத்து அவரோடது. நீ ஏன் வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற?"

"ஓணான் ஏற்கெனவே மடியிலதான் இருக்கு. அந்தக் கருக்கள எண்ணினது நான். சும்மா இருந்தா நானும் சேர்ந்து பொய் சொன்ன மாதிரிதானே?"

அவன் எழுந்து போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தான்.

மீனக்காவுக்கு வந்த கடிதத்தின் பேரில் வெள்ளிக்கிழமை துறைத்தலைவரின் அறையில் விசாரணை. மேசையில் கணக்கம்மா படங்களைப் பரப்பினாள். மீனக்கா ஒரு பிளாஸ்டிக் கூடையில் தட்டுகளோடு வந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. கணக்கம்மா தன் நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"இவங்க நுண்ணோக்கியத் தொட்டதே இல்ல," என்றார் பேராசிரியர் துறைத்தலைவரிடம். "பலகையில எழுதறவங்க. சொந்தக் கணக்கு சரின்னு காட்டணும்னு நிக்கறாங்க."

"சரி சார், என் கணக்க விடுங்க," என்றாள். "ஒரு அளவுகோல் போதும். நீங்களே அளந்து பாருங்க."

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, அளவுகோலை வைத்து ஒவ்வொரு படமாக அளந்தார். ஐந்தாவது படத்தில் நிறுத்தினார். ஒரு தட்டை எடுத்துத் திருப்பினார். அடியில் நீல மையில் 'வெட்டியது' என்று இருந்தது.

"எல்லாமே குட்டையாத்தான் இருக்கு. வெட்டாத கருன்னு எப்படிச் சொன்னீங்க?"

"அவசரத்துல... ஒரு சாத்தியம்னுதான் குறிப்பிட்டேன்."

"சாத்தியம்னு எழுதலையே," என்றாள் மீனக்கா. அறையில் அதுவரை பேசாதவள். "கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. எழுதினது நீங்க. அடிக்கறதும் நீங்களே அடிங்க சார்."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. படங்களைப் பயன்படுத்தக் கணக்கம்மாவுக்கும் உரிமை உண்டு என்று துறைத்தலைவர் எழுதிக் கொடுத்தார்.

ஆறாவது வாரம் அவளுக்குக் கடிதம் வந்தது. கூடத்தின் தேவைகள் மாறியிருப்பதால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாதாம். எதிர்பார்த்ததுதான். ஆனால் அதைப் படித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது அவள் கணவன்.

"எங்க போறீங்க?"

"அந்த ஆளோட அறைக்கு. தேவை என்ன மாறிச்சுன்னு கேக்கறேன்."

சட்டையைப் பிடித்து நிறுத்த அவள் படாத பாடு பட்டாள்.

அந்தக் கோடை முழுதும் வேலை தேடிக்கொண்டே கட்டுரையை எழுதினாள். கருக்களை வெட்டியவர் என்ற முறையில் பேராசிரியரின் சம்மதம் கேட்டு எழுதினாள். 'என் பெயர் வேண்டாம்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அனுப்புவதற்கு முந்தைய நாள் மீனக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, கட்டுரையில உங்க பேரையும் சேர்க்கறேன். ரெண்டாவது பேரு."

"எனக்கு அந்தக் கணக்கு ஒண்ணும் புரியாதே."

"தட்டுல நீங்க எழுதி வைக்கலன்னா என் கணக்க யாரு நம்பியிருப்பா?"

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், எழுதிக்குங்க," என்றாள் மீனக்கா. "விளக்கம் கேட்டு அனுப்பின கடிதத்துல என் பேரையே தப்பாத்தான் எழுதியிருந்தாங்க."