பூரணிக்கு மட்டும் சின்னப் பேய்கள்

ஜூட்சனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது மனசு நோவார்கள் என்று தோன்றினால் போதும், கூசாமல் பொய் சொல்லிவிடுவான். பள்ளிக்கூட வாத்தியார் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். அவனுக்கு இளகிய மனசு, அதை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடுதான் இது.

ஞாயிறு பூசை முடிந்ததும் இலங்கை மலையகத்து டிக்கோயாவில் மாதா கோவிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் நான்கு பேர் கூடுவார்கள். ஜூட்சன், பேங்கில் வேலை பார்க்கும் கேத்ரின், ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நிதுஷன், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அனுஷ்கா. நால்வரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தேநீரும் பகடையுமாக உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

விளையாட்டு இதுதான். ஜூட்சன் கதை சொல்வான். மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் ஊருக்குள் மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரராக இறங்குவார்கள். கேத்ரின் மந்திரக்காரி, நிதுஷன் வாள்வீரன், அனுஷ்கா பூரணி என்ற வில்காரி. எதிரில் வரும் பேயையும் பூதத்தையும் ஜூட்சன் ஏவுவான். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். சண்டைக்குச் சண்டை வீரர்களுக்குப் பலம் ஏறும். வராதவர்களுக்கு ஏறாது.

சிக்கல் அங்கேதான். கொழுந்து நிறைந்து கிடக்கும் மாதங்களில் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் அன்றன்றே கூலி தரும் கைக்காசு வேலைக்குக் கூப்பிடுவார்கள். அப்பா படுக்கையில் விழுந்துவிட்ட வீட்டில் அனுஷ்கா போகாமல் இருக்க முடியுமா? அவள் மலையில் நின்ற ஞாயிறுகளில் மற்ற இருவரும் வளர்ந்துகொண்டே போனார்கள். நிதுஷனின் வாள் பாறையைப் பிளந்தது. பூரணியின் கையில் முதல் நாள் வில்தான் இருந்தது.

பெரிய பூதத்தை விட்டால் பூரணி ஒரே அடியில் போய்விடுவாள். சின்னதை விட்டால் மற்ற இருவரும் கொட்டாவி விடுவார்கள். அனுஷ்கா சலித்துப்போய் வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் ஜூட்சனின் பயம். அவளிடம் சொல்லாத ஆசை ஒன்றும் அவனுக்கு இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். மற்ற இருவருக்கும் பூதம், பூரணிக்கு மட்டும் நோஞ்சான் பேய் இரண்டு. தப்பித்தவறிப் பூதம் அவள் பக்கம் திரும்பினால், தன் முன்னால் நிறுத்தி வைத்திருந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி, என்ன விழுந்தாலும் "தப்பிச்சிட்ட" என்பான். தன் சாமர்த்தியத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு ஞாயிறு அனுஷ்கா கேட்டாள்.

"பூரணிய மட்டும் ஏன் எதுவுமே கடிக்க மாட்டேங்குது?"

"அவளுக்கு அதிர்ஷ்டம்."

"பொய் சொல்லாத ஜூட்சன். எங்க கங்காணி புள்ளத்தாச்சிக்கு ரோட்டோர தேயில நெரையா பாத்து குடுப்பாரு, ஏறி எறங்க வேணாம்னு. நல்ல மனுசன்தான். ஆனா எனக்கு ஒண்ணும் இல்லாதப்ப என்னைய ஏன் அங்க நிப்பாட்டுற?"

அவளே எழுந்து அட்டையை மடித்து ஜன்னலோரம் வைத்தாள். "இனிமே எல்லாரும் பாக்க உருட்டு."

ஜூட்சனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவளுக்காகச் செய்தது அவளையே சின்னவளாக்கிவிட்டதே என்று அந்த வாரம் முழுக்கக் குமைந்தான். கடைசியில் புத்தி வந்தது. பூதத்தின் பல்லைப் பிடுங்குவானேன்? பூரணியால் மட்டுமே முடிகிற வேலை ஒன்றை வைத்தால் போதாதா?

அடுத்த ஞாயிறு அனுஷ்கா வந்தாள். நீருக்கடியில் மூவரும் ஒரு குகையில் அகப்பட்டார்கள். வெளியே போக ஒரே மதகு. அதன் சக்கரம் ஓர் ஒடுக்கமான தண்ணீர்க் கானுக்குள் இருந்தது. கவசம் போட்டவன் நுழைய முடியாது, மந்திரக்காரியின் அங்கியும் சிக்கும். பூரணிதான் போனாள். அனுஷ்காவின் கண் அப்படி மின்னி ஜூட்சன் பார்த்ததில்லை. பேயை எய்தாள், வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், சக்கரத்தைத் திருப்பினாள். மதகு திறந்தது.

"கைய விட்டா மூடிக்குமா?"

"மூடிக்கும். ஆனா பக்கத்துல கல்லு ஒண்ணு கெடக்கு, அத முட்டு குடுத்துட்டு நீயும் ஓடி வந்தரலாம்," என்றான் ஜூட்சன் அவசரமாக.

"கல்லு நிக்குமோ என்னவோ. அவங்க ரெண்டு பேரும் போகட்டும். பூரணி புடிச்சிக்கிட்டு நிக்கிறா."

"லூசு மாதிரி பண்ணாத. பூதம் பின்னாலயே வருது," என்றான் நிதுஷன்.

"வரட்டும். உருட்டு ஜூட்சன்."

உருட்டினான். மேசை நடுவில் பகடை நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். நாக்கு நுனி வரை வந்த பழைய பொய்யை அவன் விழுங்கிக்கொண்டான்.

"பூரணி செத்துட்டா."

"நல்லா அடிச்சிருச்சி," என்று சிரித்தாள் அனுஷ்கா. பிறகு தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். "விசா வந்துருச்சி. வெள்ளிக்கெழம குவைத்துக்குப் போறேன். வீட்டு வேலதான். எப்பிடி சொல்றதுன்னே தெரியல ஒங்ககிட்ட."

ஜூட்சன் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். அவளை மேசையில் வைத்துக்கொள்ள அவன் போட்ட கணக்கெல்லாம் மேசைக்கு வெளியே செல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கேத்ரின் சமாதானம் சொன்னாள். "ரெண்டு வருசம்தானே. புதுசா ஒரு ஆள எழுதி வைப்போம், நீ வந்ததும் ஆடலாம்."

"வேணாம் கேத்ரின். அதுக்குள்ள நீங்க எங்கயோ போயிருப்பீங்க. நான் வந்தா திரும்பவும் எனக்குன்னு சின்னப் பேயா பாத்து வைக்கணும்." அவள் ஜூட்சனைப் பார்த்தாள். "வைக்க மாட்டியா?"

வைக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். எத்தனையோ பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. வைப்பான், கட்டாயம் வைப்பான். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.