முட்டி போடும் மெத்தை

ஞானகுமாரிக்கு ஒரு மாசம் முழுசாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினோரு வருஷமாக மெஷினில் உட்கார்ந்தவள். ஒரு மெத்தை உறை தைக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தன் கல்யாணப் பட்டில் கத்தரி வைக்க மனசு வராமல், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, மகள் ஆஷ்லியின் கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குத்தான் துணியை வெட்டினாள். இப்படியும் ஒரு அம்மா உண்டா என்று கேட்டால், உண்டு, திருமுல்லைவாயிலில் இருந்தாள்.

ஆஷ்லி கேட்டது அது ஒன்றுதான். ஆஷ்லி விரும்பிய பையன் வேண்டாம் என்று இரண்டு வருஷம் இவள் பிடிவாதம் பிடித்ததில், மகள் ஆவடியில் சித்தப்பா வீட்டோடு போய்விட்டாள். கல்யாணமும் அங்கேயே முடிவானது. போன மாசம்தான் போன் பண்ணினாள்.

"நீ எதுவும் செய்ய வேணாம்மா. சர்ச்சுல ஆல்டர் முன்னாடி நாங்க ரெண்டு பேரும் முட்டி போடுற மெத்தைக்கு, உன் கல்யாணப் பொடவைல ஒரு உறை தெச்சி எடுத்துகினு வா. உனுக்கு மனசு வந்துடுச்சின்னு நெனச்சிக்கிறேன்."

உறை வராவிட்டால் என்ன நினைப்பாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லித்தானா தெரிய வேண்டும்?

எட்டேகாலுக்கு வேலை ஏறக்குறைய முடிந்தது. வெள்ளைப் பட்டு, அடியில் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தையல், நடுவில் முந்தானையிலிருந்து வெட்டியெடுத்த ஜரிகைப் பூ, சுற்றிலும் லேஸ். கடைசி மூலையில் மடிப்பு கனமாக இருந்தது. அவசரத்தில் மெஷினை அழுத்தினாள். கடைசித் தையல் விழுந்து முடிகையில் ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிப் படக்கென்று உடைந்தது.

பட்டில் ரத்தம் படக் கூடாதே என்று விரலை வாயில் வைத்தாள், பிறகு கர்ச்சீப்பை இறுக்கிச் சுற்றினாள். வலியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மெஷினில் மிச்சமிருந்த பாதி ஊசியைக் கழற்றிப் பார்த்தாள். முனையைக் காணவில்லை.

கம்பெனியில் இதற்கு ஒரே சட்டம்தான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கையில் கிடைக்கும் வரை அந்தத் துணி இடத்தைவிட்டு நகரக் கூடாது. எங்கோ யாரோ பெற்ற பிள்ளையைக் குத்திவிடக் கூடாதே என்று எத்தனையோ தடவை தரையில் தவழ்ந்து தேடியிருக்கிறாள். இப்போது தான் பெற்ற பிள்ளையின் முட்டிக்காகத் தேடினாள். மெஷின் அடியில் தேடினாள், பாயை உதறினாள், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து உறை முழுக்கத் தடவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மனசில்லாமல் தைத்தாயே பாவி, உனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

தம்பி ரூபஸ் பைக்கோடு வந்து நின்றான். "அக்கா, ஒம்போதாவப் போவுது. பத்தரைக்குக் கல்யாணம். இன்னா பண்ணிகினுகீற?"

சொன்னாள்.

"இத வுட்டுட்டு வா. சர்ச்சுல பழைய மெத்த கீது."

"அதுல முட்டி போட்டா, எங்கம்மா கடசி வரைக்கும் மனசு எறங்கலன்னு நெனச்சிக்குவாடா. இதுல போட்டா குத்திடும். நான் இன்னாதான்டா செய்வேன்?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வண்டிய கம்பெனிக்கு வுடு."

கம்பெனியில் தரம் பார்க்கும் ஜானகிராமன், துணிக்குள் ஊசித் துண்டு கண்டுபிடிக்கும் கைக்கருவியை எடுத்து வந்தார். இரும்பு இருந்தால் அது கத்தும். முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை எல்லாம் காட்டினார். கத்தவில்லை.

"இன்னொரு தபா பாருங்க சார்."

பார்த்தார். "துணில இல்லம்மா."

அவளால் நம்ப முடியவில்லை. இடது கையால் அந்தக் கடைசி மூலையைத் தூக்கிப் பிடித்தாள். "இங்கதான் சார் ஒடஞ்சிது."

கருவி கத்தியது.

ஞானகுமாரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஜானகிராமன் உறையை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, கர்ச்சீப் சுற்றிய விரலுக்கு மேல் மட்டும் கருவியைக் காட்டினார். மறுபடியும் கத்தியது.

"உன் வெரலுக்குள்ள இருக்கும்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

"என் வெரல்லயா? நல்லா பாத்தீங்களா சார்? என் வெரல்லதானா?"

அவர் தலையாட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று தேம்பினாள். இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஜானகிராமன் ரூபஸைப் பார்த்தார். அதற்குள் அவள் எழுந்து, உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறியாகிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கா அக்கா?"

"சர்ச்சுக்குப் போடா."

ஆல்டர் முன்னால் அந்த உறை மாட்டிய மெத்தையைப் பார்த்த ஆஷ்லி, அந்த ஜரிகைப் பூவை அடையாளம் கண்டு நின்றுவிட்டாள். திரும்பிக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். ஞானகுமாரி இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, முட்டி போடு என்று தலையாட்டினாள்.

ஆஷ்லி முட்டி போட்டாள். ஞானகுமாரியின் விரல் விண் விண்ணென்று தெறித்தது. அந்த வலி குறைந்துவிடக் கூடாதே என்றுதான் அவளுக்கு இருந்தது. வலிக்கிற வரைக்கும் ஊசி தன்னிடம்தான் இருக்கிறது.