நேர் விமானம்

அப்பாவின் தாடையைச் சுற்றிய துணியை மகள் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஏம்மா டிக்கெட் ஆபீஸ், உன் தம்பி வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

விமான டிக்கெட் போடும் கடையில் வேலை பார்ப்பவள். வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

"நேர் விமானம் கிடையாது சித்தப்பா. ரெண்டு இடத்துல மாறணும். நாளன்னைக்குக் காலைல ஆயிடும்."

"பிளேன்ல வர்றானா, தவழ்ந்து வர்றானா?"

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

நேர் விமானம் இருந்தது. போன மாதம்தான் விட்டிருந்தார்கள். ஏழாயிரம் கிலோமீட்டர், ஒன்பதே மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் போட்ட விளம்பரத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியதே அவள்தான். இன்று சாயங்காலம் ஏறினால், விடிவதற்குள் தம்பி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான்.

படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்கு இரண்டு வருஷமாகப் பீமூத்திரம் அள்ளியவள் அவள். நேற்று, நாக்கு வறண்டு கிடந்தவரின் வாயில் ஸ்பூனை வைத்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "நீ வேணாம். எம் புள்ள வந்து ஊத்தட்டும்." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

தம்பி போனில் அழுதான். குளிர்க் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். டிக்கெட் விஷயத்தில் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்.

"சீக்கிரமா வர்ற மாதிரி ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இருந்தா உனக்குப் போடாம வேற யாருக்குடா போடப்போறேன்?"

நடுவில் அதிக நேரம் காத்துக்கிடக்க வேண்டியதாகப் பார்த்துப் போட்டாள்.

"படுத்துப் புண்ணாப் போன உடம்பு, ஐஸ் பெட்டில வெச்சாலும் தாங்காது. காலைல எடுத்துடலாம்" என்றார் சித்தப்பா.

"முகத்தையாவது பாக்க வேணாமா அவன்?" அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

எல்லாரும் டிக்கெட் ஆபீஸைப் பார்த்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

காலையில் எடுத்துவிட்டார்கள். மதியம், நடுவழி விமான நிலையத்திலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அப்பாவ வெச்சிருக்கீங்கல்ல?"

"நீ பத்திரமா வா."

சாயங்காலம் வீடு கழுவி, வந்தவர்கள் கலைந்த பிறகு அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை.

"இப்ப எங்க வர்றான்?"

மகள் போனில் வரைபடத்தைத் திறந்தாள். கடலுக்கு மேல் சின்ன விமானம் அசையாமல் நின்றது.

"ஒண்ணும் தெரியலையே" என்று அம்மா கண்ணைச் சுருக்கினாள்.

மகள் இரண்டு விரலால் படத்தைக் குறுக்கினாள். குறுக்கிக்கொண்டே போனாள். விமானத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை மிஞ்சியது.

"அட, பக்கத்துலதான் வர்றான்" என்ற அம்மா, தரையில் கை ஊன்றி எழுந்து, அவன் குளிக்க வெந்நீர் வைக்கப் போனாள்.