ஒரே ஒரு மூஞ்சி

பல் டாக்டருக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும். ஆனால் அவர்கள் வாயைத் திறந்தால்தான் தெரியும். கடைத்தெருவில் யாராவது கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, ஆள் யாரென்று விளங்காமல் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும். "அடடே, மேல் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது! இப்ப வலி எப்படி இருக்கு?" என்று தோளில் கைபோட்டுவிடுவார். இப்பேர்ப்பட்டவர் முகம் வரையக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டார் என்றால் அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது; தன்னைப் பற்றிய உயர்ந்த அபிப்பிராயமும் வேண்டும். அதற்கு டாக்டரிடம் என்றைக்குமே பஞ்சமில்லை.

அவர் வீட்டில் ஓர் அறை இருந்தது. மகள் அதை 'அப்பா மியூசியம்' என்பாள். ஈரத் துணி காயும் ட்ரெட்மில், ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் அறிந்த கீபோர்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் எதையும் கண்டுபிடித்திராத தொலைநோக்கி ஆகியவை அங்கே குடியிருந்தன. ஒவ்வொன்றும் வந்திறங்கிய நாளில் டாக்டர் குடும்பத்தைக் கூட்டி ஓர் உரை நிகழ்த்தியிருந்தார். இப்போது படம் வரையும் பலகையும் பென்சில் பெட்டியும் வந்து சேர்ந்ததும் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"பேச்சு வேண்டாங்க," என்றாள் மனைவி.

அவள் கணக்கு டீச்சர். மாலையானால் சாப்பாட்டு மேசையில் டியூஷன் நடக்கும். பிள்ளைகளின் முழங்கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர் பசித்து வந்தால் வடிவியல் பெட்டிகளுக்கு நடுவே தட்டை வைத்துச் சாப்பிடவேண்டும். அந்த அறையின்மேல் அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"இந்தத் தடவை ஒரு ஒப்பந்தம். நீங்க சேர்ந்திருக்கிற ஓவிய வகுப்பு முடியறதுக்குள்ள ஒரே ஒரு மூஞ்சி வரையுங்க. என் மூஞ்சியே போதும். பாத்தவங்க நான்தான்னு சொல்லிட்டா, ரூம் ஆயுசுக்கும் உங்களுக்கு. 'யாரு இது'ன்னு கேட்டா, ரூம் என் டியூஷனுக்கு."

"முகம்தானே? தினமும் நான் அதைத்தானே பாக்கிறேன்."

"நீங்க பாக்கிறது முகம் இல்லீங்க. குகை."

வகுப்பு ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்தது. ஓவிய டீச்சருக்கு டாக்டரின் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. முதல் நாளே சொல்லிவிட்டார்: "வாய்னா உதடு ரெண்டும் சேர்ற கோடு. அதைப் போட்டு, கீழுதட்டுக்கு அடியில கொஞ்சம் நிழல். மூக்குக்குக் கோடே வேண்டாம், அடிநிழல் போதும். கண்ணுல மேல் இமையை அழுத்திப் போடுங்க, முடி முடியா எண்ணாதீங்க. கண்ணைச் சுருக்கிப் பாருங்க. எதெல்லாம் மறைஞ்சுபோகுதோ, அதையெல்லாம் விட்டுடுங்க."

மாடலாக வந்து உட்கார்ந்தவர் கீழ்க்கடை ஜெராக்ஸ்காரர். எல்லோரும் வரைந்து முடித்ததும் டாக்டரின் தாளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. ஜெராக்ஸ்காரரின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரு பல் குறையாமல் நின்றன. கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல்கூட இருந்தது.

"டாக்டர், இவரு வாயை மூடிக்கிட்டுத்தானே உக்காந்திருந்தாரு?" என்றார் டீச்சர்.

"ஆமா. ஆனா உள்ளே இருக்குல்ல?"

"உள்ளே நுரையீரலும்தான் இருக்கு. அதையும் வரைவீங்களா?"

வகுப்பு சிரித்தது. ஜெராக்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்: "டாக்டர், அந்த விரிசல் நெசமாவே இருக்கா?"

"நாளைக்கு வாங்க, பாத்துடலாம்," என்றார் டாக்டர் கம்பீரமாக. அன்றைய வகுப்பில் அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை வரையாதீங்க," என்றார் டீச்சர். "கண்ணுக்கு எதிர்ல இருக்கிறதை வரையுங்க."

டாக்டர் முயன்றார். தாளில் தலைகாட்டிய பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், பழகிய வேலைதானே. புருவ முடிகள் உதிர்ந்தன, மூக்குத் துவாரங்கள் தூர்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாக மனித முகம் மாதிரி ஒன்று வரத் தொடங்கியது. உடனே நோயாளிகளிடம் எளிமையின் தத்துவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவர்கள் வாய்நிறையப் பஞ்சோடு கிடந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீர்ப்புச் சொல்ல மகளும், மனைவியின் தம்பியும். இருவரையும் வெளியே நிறுத்திவிட்டு, மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து டாக்டர் வரைந்தார். விரல்விட்டு எண்ணிவிடலாம் போல அத்தனை குறைவான கோடுகள். முடித்ததும் அவருக்கே தன்மேல் மரியாதை பிறந்தது. கதவைத் திறந்தார்.

மைத்துனன் பார்த்தான்; வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, அக்காவேதான்! மாமா எதையாவது வாங்கிட்டு வந்து பேச ஆரம்பிப்பாருல்ல, அப்ப அக்கா பாக்கிற பார்வை!"

"ட்ரெட்மில் பார்வை!" என்று மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். தாளில் ஒரு புருவம் மட்டும் ஏறியிருந்தது, இமை பாதி இறங்கியிருந்தது, உதட்டுக்கோடு ஓர் ஓரமாக இழுபட்டிருந்தது.

ஜெயித்தாயிற்று. டாக்டர் தொண்டையைச் செருமினார். மனைவி எழுந்து வந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப நான் இப்படியா உக்காந்திருந்தேன்?"

"இல்ல..."

"புருவத்தைத் தூக்கினேனா?"

"இல்ல."

"பின்ன? எப்பவும் நான் உங்களை இப்படித்தான் பாக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?"

தொண்டைவரை வந்த உரை, விழுங்கிய பல்லைப்போல உள்ளே போய்விட்டது. அன்றைக்கு மூடிய உதட்டுக்குப் பின்னால் பல்லைப் பார்த்தவர், இன்றைக்கு நெற்றிக்குப் பின்னால் ஓர் ஏளனத்தைப் பார்த்திருக்கிறார். அது அவளுடையதுதானா என்பதும் இப்போது சந்தேகமாக இருந்தது. தன்னைப் பற்றித் தனக்கே இருந்த ஏளனத்தைக் கொண்டுபோய் அவள் முகத்தில் ஒட்டிவிட்டோமோ என்று தோன்றியது. அதைத் தன் முகத்தில் வைத்துக்கொள்ள அவருக்கு என்றைக்கும் தைரியம் இருந்ததில்லை.

"உக்காரு. இன்னொண்ணு போடறேன்."

"மாமா, ஜெயிச்ச ஆட்டத்தை எதுக்குக் கெடுத்துக்கறீங்க?"

"நீ சும்மா இருப்பா."

இந்தத் தடவை பார்த்தார். அவள் தலையை நன்றாக வாரியிருந்தாள். நல்ல உடையாகத் தேர்ந்து உடுத்தியிருந்தாள். கண்ணுக்கடியில் ஒரு நிழல். அது எப்போது வந்து குடியேறியதோ, அவருக்குத் தெரியாது. படம் நன்றாக வரவேண்டுமே என்று கொஞ்சம் பயந்த மாதிரி உதடுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். டாக்டர் கண்ணைச் சுருக்கினார். புருவம், இமை, மூக்கின் அடிநிழல், உதட்டுக்கோடு. நிறுத்திவிட்டார்.

மகள் குனிந்து பார்த்தாள். "யாருப்பா இது? அம்மா மாதிரியே இல்லையே."

"அழகா இருக்காங்க," என்றான் மைத்துனன் தலையைச் சாய்த்து. "நம்ம சொந்தத்துல இப்படி யாரும் இல்லையே?"

"டேய்!" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மனைவி தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள்.

"நீ சொன்னா செல்லாது. பாத்தவங்க சொல்லணும். 'யாரு'ன்னு கேட்டுட்டாங்களே," என்றார் டாக்டர்.

"முதல் படத்தைச் சரியாத்தானே சொன்னாங்க? ஒண்ணுக்கு ஒண்ணு சமம்," என்று மைத்துனன் மாமாவுக்காக வாதாடினான்.

"அது கேள்வியைப் படிக்காம எழுதின விடைடா. அதுக்கு நான் மார்க் போடறதில்ல. ரூம் எனக்கு." இரண்டாவது தாளை உருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். "அடுத்த வாரம் வகுப்பு இருக்கா?"

"அதான் ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சே."

"இன்னும் கொஞ்ச நாள் போங்க. இவங்க ரெண்டு பேருக்கும் என்னை அடையாளம் தெரியற மாதிரி வரைய வேண்டாமா?"

அதற்கு வகுப்புக்குப் போகவேண்டியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான் என்று டாக்டருக்குப் பட்டது. சொல்லலாம். ஆனால் சொல்லத் தொடங்கினால் நீளும் என்று, பென்சிலைச் சீவ உட்கார்ந்தார்.